நஜீமின் சிவப்பு வண்டி

அத்தியாயம் 14

கோர்ட் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து மைதீன் பீவி மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையும் போடவில்லை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஷைமாவுக்கு. உப்பு வேண்டுமென்றால்கூட மாமியார் அவளைக் கேட்காமல், முட்டி வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து தானே எடுத்துக்கொண்டு போனாள்.

ஷைமா செய்த குற்றம் என்னவென்று நமக்குத் தெரியும். அவள் புருஷன் நஜீம், சவூதியில் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேரவில்லை. பாலைவனத்து ரோட்டோரம் லாரி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கேட்காத இடமில்லை, போகாத ஆபீஸ் இல்லை. கடைசியில் பழங்காநத்தத்தில் இருக்கும் அவள் அண்ணன் முகமது யாசீன் ஒரு வக்கீலைப் பிடித்தான். ‘என் கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்க வேண்டும்’ என்று ஷைமா கையெழுத்துப் போட்டாள்.

போட்டுவிட்டு அன்று முழுக்க அழுதாள். அதை யாரும் பார்க்கவில்லை.

மறுகல்யாணத்துக்கு அவசரப்படுகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, பேசிவிட்டுப் போகும். அவளுக்கு வேண்டியது வேறு. சந்துக்குள் எந்த ஆட்டோ நுழைந்தாலும், எந்த கார் நின்றாலும், கையில் இருக்கிற வேலை தானாக நின்று காது வாசலுக்குப் போய்விடுகிறது. அப்படிப் போகாத ஒரு சாயங்காலம் வேண்டும் அவளுக்கு. பொண்டாட்டியாகவும் இல்லாமல், விதவையாகவும் இல்லாமல், ஒன்பது வருஷம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது என்ன பிழைப்பு? விசாரணை அடுத்த வாரம். யாசீன் நேற்றுகூடப் போன் பண்ணினான். “எதிர்த்தரப்பு ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும் ஷைமா, முடிஞ்சிரும்னு வக்கீல் சொல்றாரு” என்றான்.

எதிர்த்தரப்பு என்றால் யார்? மாமனாரும் மாமியாரும்தான்.

அந்த மாமனார் நூருல் அமீன்தான் போன வாரம் திடுதிப்பென்று ஒரு குண்டைப் போட்டார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “வண்டியைக் குடுத்துறலாம்னு இருக்கேன்” என்றார்.

ஷைமாவுக்குக் கையில் இருந்த கரண்டி நழுவியது. நஜீமின் வண்டியையா?

* * *

வெள்ளிக்கிழமை காலை. கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அந்த வீட்டின் முன்பக்கம் ஒரு காலத்தில் கைலிக் குடோன். இப்போது அங்கே கைலிக்கட்டு ஒன்றுகூடக் கிடையாது. வண்டி மட்டும்தான்.

சிவப்பு நிறப் பேலியோ கார். ஒன்று புள்ளி ஆறு என்ஜின். பார்த்தால் சின்ன வண்டி. மிதித்தால் அது வேறு ஜாதி. அந்தக் காலத்தில் பெரிய கார்க்காரர்களையெல்லாம் பைபாஸில் பின்னால் விட்டுவிட்டுப் போன வண்டி. நஜீம் கல்யாணத்துக்கு முன்னால், முதல் சவூதிச் சம்பாத்தியத்தில் வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான், இரண்டு மாசம் ஓட்டுவான், மூடி வைத்துவிட்டுப் போவான். அதனால் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மீட்டர் முப்பதாயிரத்தைத்தான் தாண்டியிருந்தது.

நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் அவளை அதில் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் ரோட்டில் விட்டான் பாருங்கள், முக்காடு பறந்து பின் சீட்டுக்குப் போய்விட்டது. அவள் பயத்தில் கத்தினாள், அவன் சிரித்தான், அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது அவன் முகத்தை நினைத்தால் பாதிதான் ஞாபகம் வருகிறது. அந்தச் சிரிப்பு முழுசாக வருகிறது.

அவன் காணாமல் போன பிறகு நூருல் அமீன் ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. ஜும்மா தொழுதுவிட்டு வருவார், ஷட்டரைத் தூக்குவார், வண்டியை ஸ்டார்ட் பண்ணி, குடோனுக்குள்ளேயே முன்னால் ஒரு முழம் பின்னால் ஒரு முழம் நகர்த்துவார். “வந்து சாவியைப் போட்டா ஒரே புடியில புடிக்கணும். இல்லாட்டி எம்மகன் என்னையத்தான் ஏசுவான்” என்பார். பள்ளிவாசல் இமாம் ஒருமுறை தயங்கித் தயங்கி, மகனுக்காக ஒரு தொழுகை வைத்துவிடலாமா என்று கேட்டபோது, “உசுரோட இருக்கறவனுக்கு எதுக்கு ஹஜ்ரத்?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவர் அவர். அந்த வீட்டில் சாவைக் குறிக்கும் ‘மவுத்து’ என்ற சொல்லை நஜீமின் பெயரோடு சேர்த்து இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் வண்டியைக் கொடுக்கிறேன் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நோட்டீஸைப் பார்த்து மனசு இறங்கிவிட்டது என்று ஷைமா நினைத்தாள். பாவம், இந்த வயசில் இந்த மனுஷரை இப்படி உடைத்துவிட்டோமே என்று நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமும் பட்டாள். பட்டதற்கு வெட்கமும் பட்டாள்.

* * *

வாங்க வந்தவன் பெயர் செல்வக்குமார். செக்கானூரணிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம், பழைய வண்டிப் பைத்தியம். புல்லட்டைச் சந்தில் நிறுத்திவிட்டு ஷட்டருக்குள் குனிந்து வந்தவன், வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான்.

“பாய், இதுக்காக நான் தேடாத ஊரில்ல. இருக்கறதெல்லாம் ஓடாத தகரம். ஓடுறதெல்லாம் அடிச்சு நொறுக்குனது. இப்புடி ஒண்ணு இந்தச் சந்துக்குள்ள தூங்குதுன்னு எவன் கண்டான்!”

“முதல்ல குறையைக் கேட்டுக்க தம்பி” என்றார் நூருல் அமீன்.

குடோனுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஷைமாவுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. கைலிக் கடையில் அவர் வழக்கமே இதுதான். விலையைச் சொல்வதற்கு முன்னால் குறையைச் சொல்லிவிடுவார். இந்தக் கைலிக்கு ஓரத்தில் இழை விட்டிருக்கிறது, இதுக்குச் சாயம் ஒரு துவையலுக்கு இறங்கும் என்று அவரே காட்டிக் கொடுப்பார். அதற்காகவே திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் ஆள் தேடி வரும்.

“ஏசி குளுராது. இடது கதவுக்கு அடியில துரு கண்டிருக்கு, வெரலை விட்டுப் பாரு. டயரு பார்க்கப் புதுசாட்டம் இருக்கும், நின்னு நின்னே வெடிப்பு விட்டுருச்சு. மாத்தாம பைபாஸ்ல ஏறிறாத. எஃப்.சி.யும் முடிஞ்சு கெடக்கு.”

“விக்கக் கூப்புட்டீகளா, வேண்டாம்னு சொல்லக் கூப்புட்டீகளா பாய்?”

“குறையை மறைச்சு வித்தா அந்தக் காசு ஹலால் இல்ல தம்பி.”

செல்வக்குமார் பானெட்டைத் திறந்து, மூடி, அடியில் படுத்து, எழுந்து, சாவியைப் போட்டான். ஒரே பிடியில் பிடித்தது வண்டி. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, திருவிழாவில் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி.

“நீயே ஆத்துக்கரை ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வா. ஒம் புல்லட்டு இங்கதான நிக்குது” என்றார் நூருல் அமீன்.

வண்டி சந்தைத் தாண்டி வெளியே போனது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஷைமா கதவில் சாய்ந்து நின்றாள். திரும்ப வரும்போது நஜீம் இறங்குவான் என்று ஒரு நிமிஷம் புத்தி கெட்டு நினைத்தாள். சீ, என்ன மனசு இது என்று தன்னையே திட்டிக்கொண்டு, மாமனாருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனாள்.

போனவள் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

பெஞ்சில், பெயர் மாற்றும் பாரத்தின் மேல் குனிந்து நூருல் அமீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் ஆயிரம் பில்லுக்கு ஒரே இழுப்பில் ‘நூருல் அமீன்’ என்று போடுகிற கை. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாக வளைத்து வளைத்துப் போனது. அந்த வளைவு அவளுக்குத் தெரியும். கல்யாணப் பதிவில் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்த கையெழுத்து.

“மாமா, யாரு கையெழுத்து அது?”

அவர் நிமிரவில்லை. “வண்டிக்காரன் கையெழுத்து.”

“வண்டிக்காரர் எங்க மாமா?”

“இருக்கான்.” பேனாவை மூடினார். பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இருக்கறவன் கையெழுத்துப் போடுவான், வண்டி விப்பான். இல்லாதவன் விப்பானா? கோர்ட்டுல போயி எம்மகன் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கியே, அந்த ஜட்ஜு எங்கிட்டயும் கேப்பாருல்ல? நான் இதைக் காட்டுவேன். இந்தா பாருங்கய்யா, இந்த மாசம்தான் எம்மகன் வண்டியை வித்துருக்கான், கவர்மெண்டே பேரை மாத்திக் குடுத்துருக்கு, அவன் எப்புடி இல்லாமப் போவான்னு கேப்பேன்.”

ஷைமா செம்பைக் கீழே வைத்தாள்.

மனசு இறங்கியதால் விற்கவில்லை இந்த மனுஷர். மகனை உயிரோடு வைத்திருக்கத்தான் விற்கிறார். கண்ணுக்குள் வைத்துக் காத்த வண்டியையே தூக்கிக் கொடுத்து, அதற்குப் பதிலாக ஒரு கையெழுத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார். ‘எதிர்த்தரப்பு ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்’ என்று வக்கீல் சொன்னாரே, எதிர்த்தரப்பு சொல்லப் போவது இதுதான். அந்தப் பாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குள் போய்விட்டால் கேஸ் செத்தது. அவள் இன்னும் ஒன்பது வருஷம் வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

“மாமா, இது பொய்யி. கள்ளக் கையெழுத்து. நாளைக்கு உங்களைத்தான் புடிப்பாங்க.”

“புடிக்கட்டும். அப்பவாச்சும் எம்மகன் வருவான்ல, அத்தாவைப் பாக்க.”

“ஏன் மாமா இப்புடிப் பேசுறீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?”

“ஒன்னைய நான் மகளாத்தான் வச்சிருக்கேன் ஷைமா. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல்லு சொல்லிருப்பேனா?”

“மகளா வச்சிருந்தா என்னைய அவுத்து விடுங்க மாமா.”

சந்தில் வண்டிச் சத்தம் கேட்டது. ஷைமா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

* * *

செல்வக்குமார் இறங்கும்போதே, “முடிச்சுக்கலாம் பாய்! மறுபேச்சே கெடையாது” என்றான். “ஒண்ணே ஒண்ணு மட்டும். ஓனர் அண்ணன் எங்க இருக்காரு?”

“சவூதில.”

“ஒரு போன் போட்டுக் குடுங்க. ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.”

“பாரத்துல கையெழுத்தெல்லாம் ஆயிருச்சு தம்பி. பேச என்ன கெடக்கு?”

“அதுக்கில்ல பாய். எங்க வீட்டுல மாடு புடிச்சாலும் கன்னு புடிச்சாலும், வளத்தவன் கையால கயித்தை வாங்கித்தான் ஓட்டிட்டு வருவோம். தரகன் கையில இருந்து வாங்குனா எங்கய்யா வாசல்லயே நிப்பாட்டிருவாரு. வளத்தவன் மனசு வச்சு விட்டாத்தான் தங்கும்னு சொல்லுவாரு. இவ்வளவு ஆசையா வச்சிருந்த மனுசன் ‘எடுத்துக்கப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்.”

“அவனுக்கு இப்ப டூட்டி நேரம்ப்பா.”

“இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல பாய்? எங்க சித்தப்பா மகனும் அங்கதான் இருக்கான். வெள்ளிக்கெழமை லீவுன்னு காலையிலேயே போன் போட்டு அறுப்பானே.”

நூருல் அமீன் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். செல்வக்குமார் அவர் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“பாய், ஏதும் பிரச்சினையா? வேற குறை எதுவும் இருக்கா வண்டியில?”

குறையை மறைத்து எதையும் விற்காத மனுஷர் அவர். “இல்ல” என்று சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

கதவுக்குப் பின்னால் ஷைமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் கேஸ் போச்சு. யாசீனிடம் சொன்னால் வக்கீலிடம் சொல்வான், வக்கீல் போலீஸில் சொல்வார், போலீஸ் இந்தக் கிழவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும். அதையும் அவளால் பார்க்க முடியாது. இவரைக் கொடுத்துத்தான் நான் கரையேற வேண்டுமா? யா அல்லாஹ், அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குடோனுக்குள் வந்தாள்.

“இருக்கு தம்பி. ஒரு குறை இருக்கு. மாமா சொல்லல.”

“ஷைமா!” என்றார் நூருல் அமீன். கெஞ்சுகிற குரல் அது.

“வண்டிக்காரர் இல்ல. அவரு எம் புருஷன். அவரு...” இத்தனை வருஷம் வக்கீலிடம்கூட வாயால் சொல்லாமல் கையெழுத்தாகத்தான் போட்ட சொல். “அவரு மவுத்தாயிட்டாரு. ஒம்பது வருஷமாச்சு. கயித்தைக் குடுக்க ஆளில்ல தம்பி.”

செல்வக்குமார் கையில் இருந்த சாவியைப் பார்த்தான். சுட்டதுபோல் அதை பானெட்டின் மேல் வைத்தான். “மன்னிச்சிருங்கக்கா. எனக்குத் தெரியாது. வண்டி... வண்டி வேண்டாம் பாய். நீங்களே வச்சுக்கங்க.”

நூருல் அமீன் மருமகளை ஏசுவார், அறைவார், உட்கார்ந்து அழுவார் என்று அவள் எதற்கும் தயாராக நின்றாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. சாவியை எடுத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மடித்த பாரம் அங்கேதான் இருந்தது. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“மாமா, எங்க போறீங்க? டயரு சரியில்லைன்னு நீங்கதான சொன்னீங்க! மாமா!”

கண்ணாடியில் அவள் தட்டத் தட்ட வண்டி நகர்ந்தது. முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று மட்டுமே ஓட்டிப் பழகிய மனுஷர். சந்து முனையில் ஒரு ஷேர் ஆட்டோக்காரன் பிரேக் அடித்துக் கத்தினான். சிவப்பு வண்டி பெரிய ரோட்டில் ஏறி மறைந்தது.

“நான் பின்னாடியே போறேன்க்கா” என்று செல்வக்குமார் புல்லட்டை உதைத்தான்.

செருப்பில்லாமல் சந்தின் நடுவில் நின்றிருந்தாள் ஷைமா. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். யாரோ, “என்னாச்சும்மா?” என்றார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

மைதீன் பீவி. ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எதையெல்லாம் கேட்டாளோ. முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கையில் நாலாக மடித்த ஒரு வெள்ளைச் சேலை. தனக்கென்று பெட்டியில் எடுத்து வைத்திருந்த புதுச் சேலை அது.

“உள்ள வா” என்றாள். நோட்டீஸ் வந்த பிறகு மருமகளிடம் பேசிய முதல் வார்த்தை. “இத்தா இருக்கறவ ஆம்பளைக முன்னாடி நிக்கக் கூடாது.”

கோர்ட் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஹஜ்ரத் இன்னும் நாள் குறிக்கவில்லை, புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கு இன்று கணக்கே கிடையாது. அதெல்லாம் ஷைமாவுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். மகனைப் பெற்றவளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்? “மாமி” என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஷைமா கதறினாள். மைதீன் பீவி அவள் முதுகில் கை வைக்கவுமில்லை, தள்ளவுமில்லை. மருமகளின் கழுத்திலிருந்த கருகமணித் தாலியின் முடிச்சைத் தேடினாள்.

உள் அறையில் ஜன்னலைச் சாத்தினார்கள். வெள்ளைச் சேலையில் ஷைமா சுவரோடு உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது.

ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். முதல் வரிசையில் நூருல் அமீனின் இடம் இன்று காலியாக இருக்கும். தொழுகை முடிந்து ஆட்கள் சந்து வழியாகப் பேசிக்கொண்டு வீடு திரும்பினார்கள். செல்வக்குமாரிடமிருந்து போன் இல்லை. சாயங்காலமும் ஆயிற்று.

பெரிய ரோட்டில் ஒரு கார் வேகம் குறைத்தது. ஷைமா தலையை நிமிர்த்தினாள். பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த மாமியின் கையும் நின்றது. இரண்டு பேரும் காதை வாசலுக்குக் கொடுத்தார்கள்.

கார் சந்துக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட்டது.